பாண் துண்டால் அழித்த லயம்

செல்லப்பா செய்த பானையில் தண்ணீர் குடித்தவர்களுக்கு இடுப்பு வலித்தது. வலி காலை ஆறு மணிக்குப் பிடித்து மாலை ஐந்து மணிக்கு விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வலிக்கவில்லை. 1926ஆம் ஆண்டு கண்டிப் பட்டணத்தில் இது தெரியவந்தபோது, ஹந்தானை மலையில் ஊத்துமலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அந்தப் பானைகளில் ஆறு வருடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர்களுடைய இடுப்பு ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. வலிக்கிற இடத்திலேயே இன்னொரு வலி வந்து உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்.

செல்லப்பா துறையூர்ப் பக்கத்து வேளார். ஊரில் ஆள் பிடிக்க வந்த அழகமுத்துக் கங்காணி, கண்டியில் பானை செய்ய ஆளில்லாமல் சனங்கள் மூங்கில் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்கள் என்றும், நிழலில் உட்கார்ந்து சக்கரம் சுற்றினால் போதும் என்றும் சொன்னார். வந்து இறங்கிய மறுநாள் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள். இது என்ன என்று கேட்டபோது, மண் வேலைதானே கேட்டாய் என்றார் கங்காணி. அன்றிலிருந்து செல்லப்பா கான் வெட்டினார். மழை நீர் தேயிலையின் வேரை அரித்துவிடாமல் மலையைக் குறுக்கே கீறிக் கால்வாய் எடுக்கிற வேலை அது. குனிந்தவன் ஐந்து மணிக்குத்தான் நிமிரலாம். ஐந்து மணிக்கு மேல் அவர் அம்பிட்டிய இறக்கத்தில் வயல் ஓரத்துக் களிமண்ணைச் சுமந்து வந்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கொட்டி, ஒரு மணி நேரம் காலால் மிதிப்பார். அந்த மிதியில் பகல் முழுதும் இடுப்பில் சேர்ந்தது காலின் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. மிதித்தவர் உடம்பு மண்ணில் ஏறும் என்பது வேளார் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஊரில் அவர்கள் நோயாளியை மண் மிதிக்க விடமாட்டார்கள். தோட்டத்தில் நோயில்லாத ஆளுக்கு எங்கே போவது.

உடைந்த மாட்டு வண்டியின் சில்லுதான் சக்கரம். அவர் சுற்றி எடுக்கிற பானைக்கு வாயும் கழுத்தும் வயிறும் இருக்கும், அடி இருக்காது. அடியை மூடுவது அவர் மனைவி கமலத்தின் வேலை. பானை பாதி காய்ந்ததும் மடியில் கவிழ்த்து, உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, ஓட்டையை நாலு பக்கமிருந்தும் இழுத்து மூடிவிடுவாள். ஆண் அடியைத் தட்டுவதில்லை, பெண் சக்கரத்தைத் தொடுவதில்லை. அவர் பானைகளை வேறு பானைகளிலிருந்து பிரித்தறிய ஒரு அடையாளம் உண்டு. இடது கைப் பெருவிரலின் நுனியை 1921இல் மண்வெட்டி கொண்டுபோயிருந்ததால், கழுத்து ஓரத்தில் விரல் படாத ஒரு சின்னப் பள்ளம் விழும்.

பட்டணத்தில் அந்தப் பானைகளை வாங்கி விற்றவர் கொழும்பு வீதியில் சட்டி பானைக் கடை வைத்திருந்த முஹ்ஸின். வலியைக் கண்டுபிடித்தது அவர் மனைவி ஹபீலா. அரிசிக் கொட்டுப்பெட்டிக்கு மேல் கனமான எதையும் தூக்கியறியாத அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதமாக இடுப்பு நிமிரவில்லை. பானையை மாற்றியதும் நிமிர்ந்தது. அடுத்த முறை கமலம் கூடையை இறக்கியபோது முஹ்ஸின் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட ஊட்டுல ஒரு நோவு வந்தீக்கி. காலம்பொற ஆறுக்குப் புடிக்கி, அந்திக்கு அஞ்சுக்கு உட்டுட்டுப் போற. ஞாயித்துக்கெழம லீவு. இது என்ன, கவர்மெண்டு உத்தியோகம் பாக்கிற நோவா?"

"அது எங்க வீட்டுக்காரரு நோவுங்க நானா. பெரட்டுக்குப் போயிட்டு வருது."

முஹ்ஸின் சிரிக்கவில்லை. பானையை வாங்குவதையும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்த மண்ணில் தண்ணீர் குளிர்ந்த மாதிரி வேறு எதிலும் குளிரவில்லை. ஐந்து மணிக்கு மேல் குடியுங்கள் என்று சொல்லி விற்றார். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. தோட்டத்துத் துரையின் பங்களாச் சமையற்காரரும் இரண்டு பானை வாங்கிப்போனார். துரைக்கு இடுப்பு வலித்தபோது டாக்டர் குதிரைச் சவாரியைக் குறைக்கச் சொன்னார். துரை குதிரையை விற்றார். வலி அப்படியேதான் இருந்தது.

அம்பிட்டியவில் வாடகை வீட்டில் அருளம்பலம் என்றொரு சித்திர மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்குப் பூச்சாடி கீறப் படிப்பித்துவிட்டு, விடுமுறைகளில் மலைகளைக் கீறி, ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்களுக்கு விற்றார். அவர் வேலை செய்கிற விதம் இது: மலைக்கு எதிர் மேட்டில் நின்று, துணியில் முதலில் கரியால் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கீறுவார். பிறகு வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காதவற்றை பேக்கரியில் சுடுகிற பாணில் ஒரு துண்டை எடுத்துத் துடைத்து அழிப்பார். பாண் கரியை நன்றாக உறிஞ்சும். மிச்சமிருப்பதன் மேல் வர்ணம் பூசுவார். இப்படி அவர் பல வருடமாகச் சாணிக் குவியல்களையும் சாக்குப் படுதாக்களையும் அழித்து வந்திருக்கிறார். அழித்தவை உண்மையிலேயே போய்விட்டன, ஆனால் யாரும் தேடவில்லை. புசல்லாவைப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை காணாமல் போனதற்குச் சனங்கள் காற்றைக் குற்றம் சொன்னார்கள்.

1931 பெப்ரவரியில் மாஸ்டர் ஊத்துமலைக்கு எதிர் மேட்டில் மூன்று நாள் நின்றார். மூன்றாவது நாள் செவ்வாய்க்கிழமை. அன்று செல்லப்பாவால் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. அழகமுத்துக் கங்காணி வந்து கதவை உதைத்து, படுத்துக் கிடக்கிறவனுக்குப் பேர் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். பேர் போடாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. கமலம் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறினாள். பிள்ளைகள் பிள்ளைக் காம்பிராவில், பெரியவர்கள் மலையில். குடும்பத்துக்கு ஓர் அறை என்று பன்னிரண்டு காம்பிரா இருந்த லயத்தில் நான்காம் காம்பிராவில் படுத்திருந்த செல்லப்பாவைத் தவிர வேறு ஆள் இல்லை. பதினொரு மணி இருக்கும், பக்கத்து நிரையில் நின்றவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே, "அக்கா, லயத்தக் காணோம்" என்றாள். கமலம் திரும்பிப் பார்த்தபோது பன்னிரண்டிலிருந்து ஆறு வரை போயிருந்தது. யாரோ பலகையில் சிந்திய மாவைத் துடைப்பதுபோல் ஐந்து போனது, நான்கு போனது. அவள் கூடையோடு ஓடி இறங்கி வந்து சேர்ந்தபோது முதலாம் காம்பிராவும் இல்லை. பலாமரம் இருந்தது. தண்ணீர் பீலி இருந்தது, தண்ணீரும் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் பெருக்கி வைத்த மாதிரி வெறும் தரை.

துரை வந்து தடியால் தரையைத் தட்டிப் பார்த்தார். அந்த வருடம் லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டியிருந்தது, அந்தச் செலவு மிச்சம் என்று கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீசில் சொன்னார். பன்னிரண்டு குடும்பங்களையும் கீழ் லயத்தில் காம்பிராவுக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று திணித்தார்கள். கமலத்துக்கு இன்னொருத்தியின் அடுப்புக்குப் பின்னால் பாய் விரிக்க இடம் கிடைத்தது. செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் செல்லப்பாவின் பெயருக்கு நேரே கணக்கப்பிள்ளை, ஓடிப்போனவர் என்று எழுதினார். கமலம் ஆபீசுக்குப் போய் நின்றாள்.

"இடுப்ப நிமித்த முடியாத ஆளு எப்படிங்க ஓடுவாரு?"

"இந்தா பாரு, செக்ரோல்ல செத்தவனுக்குக் கட்டம் இருக்கு, ஓடினவனுக்குக் கட்டம் இருக்கு. லயத்தோட போனவனுக்கு நான் எங்க போயிக் கட்டம் கீறுறது?"

"அப்ப அந்தப் பேனாவக் குடுங்க. நான் கீறுறேன்."

அவளை வெளியே தள்ளினார்கள். அரைநாள் பேரும் வெட்டினார்கள்.

நான்காம் நாள் காலையில் வெறும் தரையில், நான்காம் காம்பிரா இருந்த இடத்தில், ஒரு பானை இருந்தது. ஈரம் காயாதது, அடி இல்லாதது. கழுத்து ஓரத்தில் பெருவிரல் படாத பள்ளம் இருந்தது. கமலம் அதைப் பார்த்து அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துத் துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். அவள் பானையை மடியில் கவிழ்த்து அடியைத் தட்டி மூடினாள். காம்பிராவுக்குள் மிச்சமிருந்த மண் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், இன்னும் இரண்டு பானைக்கு வரும். அது தீர்ந்ததும் அவளே அம்பிட்டிய இறக்கத்திலிருந்து மண் சுமந்து வந்து, அவளே மிதித்து, உருட்டித் தரையில் வைத்தாள். இரவுக்குள் உருண்டை போய்விடும், விடியும்போது அடியில்லாத பானை இருக்கும். ஒரு ரொட்டியும் கூடவே வைப்பாள். அதுவும் போய்விடும், அவர் எடுத்தாரோ காகம் எடுத்ததோ தெரியாது. இந்த ஏற்பாடு ஒரு நாளும் தவறவில்லை. சூளையை, தேயிலையைக் கவ்வாத்து வெட்டியபோது விழுந்த விறகால் எரித்தாள். பானைகளை முஹ்ஸின் கடைக்கே கொண்டுபோனாள்.

இப்போது மண்ணை மிதித்தது அவள். அதனால் புதுப் பானைகளில் இடுப்பு வலி இல்லை. குடித்தவர்களுக்குக் கோபம் வந்தது. இருபது வருடம் வாய் திறக்காத கோர்ட்டு லிகிதர் ஒருவர் வக்கீல் புரொக்டரின் மேசையில் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டு, எழும்பி, கதிரையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஏரிக்கரையில் ஒரு ஆயா, தள்ளுவண்டியைப் பிள்ளையின் தாயிடமே கொடுத்து, நீங்களும் கொஞ்சம் தள்ளுங்கள் என்றாள். முஹ்ஸினிடமே ஹபீலா ஒரு வெள்ளிக்கிழமை பதினெட்டு வருடத்துக் குறைகளை வரிசைப்படி சொன்னாள், ஒன்றுகூடத் தவறாக இல்லை. கோபம் தண்ணீர் உடம்பில் இருக்கும் மட்டும் இருந்தது, பாதி நாள். பானைகள் முன்னைவிட அதிகமாக விற்றன. பட்டணத்தில் நிறையப் பேருக்குக் கோபம் தேவைப்பட்டது, சொந்தமாக வைத்திருக்கப் பயமாக இருந்தது.

டிசம்பரில் ஏரிக்கரை மண்டபமொன்றில் சீமாட்டிகளின் சங்கம் ஒன்று மலைநாட்டுக் கலைகளுக்குக் கண்காட்சி வைத்தது. முஹ்ஸினிடம் ஆறு பானை வாங்கினார்கள். தலையில் சுமந்துகொண்டு போனதால்தான் கமலத்தை வாசலுக்குள் விட்டார்கள். பானைகளை வெள்ளைத் துணி விரித்த மேசையில் அடுக்கி, முன்னால் ஒரு அட்டை வைத்தார்கள். முஹ்ஸின் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மலைநாட்டுக் கைவேலை, செஞ்சவன்ட பேர் தெரியாது, இப்பிடி எழுதீக்கி. அஞ்சாறு வருஷமா வாங்கி விக்கிறன், ஒரு வார்த்த கேட்டா நான் சொல்லீப்பன் இல்லயா." கமலம் அட்டையைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலே சுவரில் ஒரு படம் தொங்கியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊத்துமலை. தேயிலைப் பச்சை மேடு மேடாக ஏறுகிறது, உச்சியில் முகில். பலாமரம் இருக்கிறது. பீலி இருக்கிறது. பீலித் தண்ணீர் வெயிலில் மின்னுவதுகூட இருக்கிறது. நடுவில் பெருக்கி வைத்த மாதிரி வெறும் தரை.

படத்துக்குப் பக்கத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அருளம்பலம் மாஸ்டர் நின்றார். படம் ஏற்கெனவே ஒரு வெள்ளைக்கார வியாபாரிக்கு விலையாகியிருந்தது.

"இத வரஞ்சது நீங்களாங்க?"

"ஓம், நான் கீறினது."

"பலாமரம் இருக்கு. பீலி இருக்கு. காம்பிரா எங்கங்க?"

"அது... அங்க ஒண்டும் இருக்கேல்லை, பிள்ளை."

"பன்னெண்டு காம்பிரா இருந்திச்சு. நாலாவதுல எங்க வீட்டுக்காரரு படுத்திருந்தாரு."

மாஸ்டர் மேசைப் பக்கம் திரும்பினார். விருந்தாளிகளுக்காக மேசையில் ஒரு பானையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அவர் ஒரு குவளை மொண்டு குடித்தார், இன்னொன்றும் குடித்தார். அது கமலம் மிதித்த மண் என்று அவருக்குத் தெரியாது. முஹ்ஸினுக்குத் தெரியும், அவர் தடுக்கவில்லை. குவளையை வைத்தபோது மாஸ்டரின் முகம் மாறியிருந்தது. சீமாட்டிகள் திரும்பிப் பார்க்கும்படியான சத்தத்தில், "ஓம், இருந்தது. நான்தான் அழிச்சனான்" என்றார். "அவையள் லயம் தெரிஞ்சால் வாங்கமாட்டினம். பதினெட்டு வருஷமா இவையளுக்காண்டி அழிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"எதால அழிச்சீங்க?"

"பாண் துண்டால."

"அந்தப் பாண என்னா பண்ணுனீங்க?"

"எறிஞ்சனான். காகம் திண்டது."

லயத்தில் பாண் திங்கிறது தீபாவளிக்குத்தான். "திங்கிற பாணால எங்க வீட்டத் தொடச்சிட்டீங்க" என்றாள். "அதையும் காக்காய்க்குப் போட்டுட்டீங்க."

வாங்கிய வியாபாரி தடுக்கத் தடுக்க மாஸ்டர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மேலுக்கு வார்னிஷ் பூச வேண்டும், நாளைக்கு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லி, கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்பிட்டியவுக்கு நடந்தார். கமலம் பின்னாலேயே போனாள். படியில் நின்று, இப்பவே மலைக்கு வாருங்கள், எது எங்கே இருந்தது என்று தரையில் காட்டுகிறேன், கதவு எப்படி, அதைத் திறக்கிற கொண்டி எப்படி, எல்லாம் சொல்கிறேன் என்றாள். மாஸ்டர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, நான் மூன்று நாள் பார்த்தனான், எனக்குக் கண் இருக்கு, நீர் போம் என்றார். அந்தக் கோபத்திலேயே அவர் விளக்கேற்றி உட்கார்ந்து, வெறும் தரையின் மேல் லயத்தைப் பூசத் தொடங்கினார். சுவர் வந்தது. தகரக் கூரை வந்தது, துருகூட வந்தது. பன்னிரண்டு கதவும் வந்தன. பகலில் எதிர் மேட்டிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் சாத்தித்தான் இருக்கும், அதனால் சாத்தியபடியே பூசினார். கதவுக்குக் கொண்டி வைக்கத் தூரிகையை நனைத்த நேரத்தில் தண்ணீரின் வேகம் தீர்ந்துவிட்டது. கோபம் போனதும் அவர் பழையபடி படித்த மனிதரானார். வியாபாரி என்ன சொல்வாரோ என்ற யோசனை வந்தது. அவ்வளவு தூரத்தில் கொண்டி தெரியாது என்பதும் ஞாபகம் வந்தது. தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தார்.

விடியும்போது ஊத்துமலையில் லயம் இருந்தது. கீழ் லயத்திலிருந்து பன்னிரண்டு குடும்பமும் பாயும் சட்டியுமாக ஓடி ஏறினார்கள். கதவுகள் திறக்கவில்லை. கொண்டி இல்லை, பூட்டு இல்லை, நிலைக்கும் கதவுக்கும் நடுவே நகம் போகிற இடுக்கு இல்லை. கோடரி வழுக்கியது. கடப்பாரை வைக்க இடமில்லை. சுற்றிப் பின்னால் போனவர்களுக்குப் பின்சுவர் கிடைக்கவில்லை, பின்னால் நின்று பார்த்தால் தேயிலை மட்டும் தெரிந்தது. மாஸ்டர் லயத்தின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. ஆனால் நான்காம் கதவில் காதை வைத்தால் வண்டிச் சில்லு சுற்றுகிற சத்தம் கேட்டது. கமலம் கதவைத் தட்டினாள். சில்லு நின்றது. உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

அவள் அப்படியே அம்பிட்டியவுக்கு இறங்கினாள். வியாபாரியின் ஆட்கள் அதிகாலையிலேயே வந்து படத்தைத் தூக்கிப்போய்விட்டார்கள். அது கொழும்பு ரயிலில் போய்க்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமை கப்பல்.

"கொண்டி வக்கலீங்களே."

"அவ்வளவு தூரத்தில கொண்டி தெரியாது, பிள்ளை. பாக்கிறவைக்குத் தெரியிறதைத்தான் கீறலாம்."

"உள்ள இருக்கிறவருக்குத் தெரியுமேங்க."

மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று பிற்காலத்தில் பலர் சொன்னார்கள். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்றைக்குக் கமலத்துக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டுத் தருவன். கட்டாயம் போட்டுத் தருவன். ஒரு விரல் அகலம் வர்ணம், அவ்வளவுதானே" என்றார். கமலம் அதை மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் போனாள்.

மாஸ்டர் சீமைக்குக் கடிதம் எழுதினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது: விலை கொடுத்து வாங்கிய படத்தில் இனிமேல் யாரும் கை வைக்க முடியாது, மலை நடுவில் அந்தச் சின்ன வீடுகள் வந்தபிறகு படம் இன்னும் அழகாயிருக்கிறது, மனைவிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாஸ்டர் திரும்பவும் எதிர் மேட்டுக்கு ஏறி, கொண்டியோடு ஒரு படம், திறந்த கதவோடு ஒரு படம், கதவே இல்லாமல் ஒரு படம் என்று கீறிப் பார்த்தார். ஒரு படத்தால் வந்ததை இன்னொரு படம் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் அழிப்பதில்லை, அதனால் அவர் படங்களை யாரும் வாங்குவதுமில்லை. துரையிடம் ஆட்கள் புது லயம் கேட்டுப் போனபோது, அவர் பங்களா வாசலில் நின்று மலையைச் சுட்டிக்காட்டி, உங்களுக்கு லயம் இருக்கிறது, பன்னிரண்டு கதவையும் நான் இங்கிருந்தே எண்ணுகிறேன் என்றார். பார்வையிட வந்த அதிகாரிகளும் ரோட்டிலிருந்தே எண்ணி, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியது சரிதான்.

கமலம் தினமும் வேலை முடிந்து வந்து நான்காம் கதவை நாலு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டு மண் மிதித்தாள். பானைகள் இப்போது வாசல் படியில் வந்தன. அந்தப் பானைகளில் குடித்தவர்களுக்குக் கோபத்தோடு வலது கை விரல் முட்டிகளும் வலித்தன. டாக்டர்கள் மலைக் குளிர் என்றார்கள். எண்ணெய் பூசினால் குறையவில்லை, ஒத்தடம் கொடுத்தால் குறையவில்லை. அது கதவைத் தட்டித் தட்டி வந்த வலி என்று முதலில் பிடித்தவர் முஹ்ஸின்தான். 1933 மார்கழியில் அவர் மூச்சு வாங்க மலையேறி வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான்காம் கதவை நாலு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. கையை உதறிப் பார்த்தார், வலி இல்லை.

"ஊட்டுலயும் ஒரு கை ஈக்கி, அடுத்த கெழம கூட்டிட்டு வாறன்" என்றார்.

"வாங்க நானா. படி வழுக்கும், அக்காவப் பாத்து ஏறச் சொல்லுங்க. ஏன் நானா, பானைய மாத்தினாப் போதுமில்ல?"

"மாத்திப் பாத்த. தண்ணி குளிரல்ல. இவ்வளவு கோவமும் இல்லாம சோறும் எறங்கல்ல, தங்கச்சி."

ஹபீலா வந்தாள். லிகிதர் வந்தார். ஆயா தன் பிள்ளையோடு வந்தாள். 1934க்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள், பீலியில் கால் கழுவி, ஆளுக்கு நாலு தட்டு. மற்றப் பதினொரு கதவுகளையும் சிலர் தட்டினார்கள், அங்கே பதில் இல்லை. 1935 ஆவணியில் ஒரு மாலை துரையே வந்தார். பங்களாத் தண்ணீரும் கமலத்தின் பானையில்தான் இருந்தது. காலுறையோடு, தொப்பியில்லாமல், எங்கே போகிறோம் என்று தெரியாதவர் மாதிரி மலையில் ஏறி வந்து, வரிசையில் நின்றவர்களைத் தாண்டாமல் கடைசியில் நின்று, முறை வந்ததும் தட்டினார். கமலம் படியில் உட்கார்ந்து ஒரு பானையின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. உள்ளே இருந்து இரண்டு தட்டு வந்ததும் துரையின் முகம் வெளுத்தது. "ஆள் இருக்கா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஓடிப்போனவருன்னு எழுதியிருக்கீங்க" என்றாள் கமலம், பலகையை நிறுத்தாமல். "ஆபீசுல போயிக் கேளுங்க."

மறுநாள் கணக்கப்பிள்ளை செக்ரோலை எடுத்து, செல்லப்பாவின் பெயருக்கு நேரே இருந்ததை வெட்டிவிட்டு, லயத்தில் இருக்கிறார் என்று எழுதினார். வேலைக்கு வராததால் பேர் போடவில்லை. கீழ் லயத்தில் குடும்பங்கள் இன்னும் ஒன்றுக்குமேல் ஒன்றாகவே இருந்தன. பட்டணத்தில் விரல் முட்டி நோவு எல்லாருக்கும் பழகிப்போனது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் தண்ணீர் கொடுத்தால், எந்தப் பானை என்று கேட்டுவிட்டுக் குடித்தார்கள்.

அருளம்பலம் மாஸ்டர் 1938 பங்குனியில் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். போகிற அன்று தூரிகைப் பெட்டியோடு ஊத்துமலைக்கு ஏறி வந்து, நான்காம் கதவைத் தட்டி, பதிலைக் கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு விரல் அகலம் கறுப்பு வர்ணத்தைக் கதவின் மேலேயே பூசினார். அது கதவில் ஒட்டாமல் தண்ணீர் மாதிரி வழிந்தது. கமலம் பழைய சேலைத் துண்டால் வாசல் படியைத் துடைத்தாள். அவர், சுகமாயிரும் பிள்ளை என்றார். அவள், கடனை மறந்துடாதீங்க என்றாள். அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு இறங்கினார்.

சில்லு இன்னும் சுற்றுகிறது. விடியும்போது வாசல் படியில் அடியில்லாத பானை இருக்கிறது, கழுத்து ஓரத்தில் பள்ளத்தோடு. கமலம் அதை மடியில் கவிழ்த்து அடியை மூடிவிட்டுப் பெரட்டுக்குப் போகிறாள். மாஸ்டர் அவளுக்குத் தர வேண்டியது, நான்காம் காம்பிராக் கதவுக்கு ஒரு கொண்டி.